டவர் ஃபுல்லா காட்டுது, கால் போகல: மொபைல் கம்பெனி நெட்வொர்க் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

வட்டார நெட்வொர்க் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்க தெரு கம்ப்ளெய்ன்ட் உங்களுக்குப் புதுசு இல்ல. மூணு தடவை பதிவு பண்ணோம், மூணு தடவையும் "உங்க ஏரியா கவரேஜ்ல இருக்கு, போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு மெசேஜ் அனுப்பி மூடிட்டீங்க. போன செவ்வாய்க்கிழமை நடந்ததுக்கு அப்புறம் இனிமே எல்லாருக்கும் தெரியற மாதிரியே எழுதிடலாம்னு தோணுச்சு.

அன்னிக்கு ராத்திரி எட்டே முக்காலுக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. வழக்கமா வர்ற ஆட்டோ அண்ணனுக்கு அடிக்கறேன், டவர் நாலு கோடும் ஃபுல், கால் போகல. ஏழு தடவை. அம்மா அப்பா முதுகைத் தடவிக்கிட்டே "போச்சாடா, போச்சாடா"ன்னு கேக்கறாங்க, நான் செருப்புகூடப் போடாம பிள்ளையார் கோயில் வேப்பமரம் வரைக்கும் ஓடினேன், அங்க போனதும் முதல் ரிங்குலயே எடுத்துட்டார். அப்பா இப்ப வீட்ல இருக்கார், ஆனா அந்தப் பத்து நிமிஷத்தை எங்களால மறக்க முடியல.

நான் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்பு இன்ஜினியரிங்) படிச்சவன், அதனாலதான் கோவம் இன்னும் அதிகமா வருது. ஒரு டவரோட சிக்னல் எட்டற பகுதிக்குப் பேருதான் செல். அதை வட்டம் வட்டமா வச்சா நடுவுல சந்து விழும், இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும்னு தேன்கூடு மாதிரி அறுகோணமா பிரிக்கற யோசனையை 1947லயே அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல டக்ளஸ் ரிங், ரே யங் ரெண்டு பேரும் போட்டுக் குடுத்துட்டாங்க. அப்போ பக்கத்து செல்லுக்கு வேற அலைவரிசை, ஏழு செல்லை ஒரு கூட்டமாக்கி ஏழுக்கும் வேற வேற அலைவரிசை குடுத்தா, அதே அலைவரிசை திரும்ப வர செல் ஆரத்தைப் போல 4.6 மடங்கு தூரம் தள்ளிப் போகணும். இப்ப 4ஜில பக்கத்துப் பக்கத்து டவருக்கும் ஒரே அலைவரிசைதான். வேகம் கிடைக்குது சரி, ஆனா ரெண்டு செல் சேர்ற ஓரத்துல ஒண்ணோட அலை இன்னொண்ணுக்கு இரைச்சல். பைபாஸ் டவருக்கும் குளத்தங்கரை டவருக்கும் நட்ட நடுவுல எங்க தெரு. கோடு சிக்னல் பலத்தைத்தான் காட்டும், இரைச்சலைக் காட்டாது. இது உங்க இன்ஜினியர்களுக்குத் தெரியாதா?

அதனால கேக்கறது ஒண்ணுதான். சாயங்காலம் 7லேர்ந்து 9 வரைக்கும், எல்லாரும் வீட்டுக்கு வந்து போனும் கையுமா இருக்கற நேரத்துல, எங்க தெருவுல ஒரு டிரைவ் டெஸ்ட், அதாவது கருவியோட சுத்தி வந்து சிக்னலை அளந்து பாக்கற டெஸ்ட், எடுங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வந்து பாத்துட்டு "எல்லாம் சரியா இருக்கு"ன்னு எழுதிட்டுப் போகாதீங்க.

பத்து வருஷம் முன்னாடி இங்க நாப்பது வீடு, இப்ப நானூறுக்கு மேல. வீடு பெருகினா செல்லைச் சின்னதாப் பிரிக்கணும்ங்கறதுதானே இந்த அமைப்போட அடிப்படையே? 2024 ஜூலைல ரீசார்ஜ் ரேட்டை ஏத்தினப்போ ஒரு நாள்கூடத் தாமதம் ஆகல, கஸ்டமர் கேர்ல மனுஷங்களோட பேசறதுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு... மன்னிக்கணும், எங்கயோ போயிட்டேன்.

தயவுசெஞ்சு ராத்திரில ஒரு டெஸ்ட். ஆன்டெனா சாய்வை மாத்தினா போதும்னா மாத்துங்க, இல்லேன்னா ஒரு ஸ்மால் செல், அதாவது சின்னப் பகுதிக்கு மட்டும் சிக்னல் குடுக்கற குட்டி டவர், வைங்க. வர்றவங்க வேப்பமரத்துலேர்ந்து எங்க வீட்டு வாசல் வரைக்கும் போன்ல பேசிக்கிட்டே நடந்தா போதும், எங்க கட் ஆகுதுன்னு நானே கூட வந்து காட்டறேன்.

நன்றி.
நாலாவது தெருவுலேர்ந்து ஒருத்தன்