நைனாவுக்காக ஓடுன எல்லாருக்கும் நன்றி

நைனா கணையத்துல கேன்சர் கட்டிக்கு ஆபரேஷன் முடிஞ்சு குடியாத்தம் வந்துட்டார்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா யார் யார் இன்னா செஞ்சாங்கன்னு தெரியாது, அதான் எழுதுறேன்.

மொதல்ல நம்ம கிளினிக் டாக்டரம்மா. அறுபது தாண்டி நைனாவுக்கு திடீர்னு சுகர், நம்ம வீட்ல யாருக்குமே கெடையாது, கூடவே முதுகு வலி, பசியில்ல. தறியில உக்கார்ற மனுசனுக்கு முதுகு வலிக்காம இன்னா பண்ணும், சுகர் வந்தா இளைக்கத்தான் செய்யும்னு பாத்தவங்க எல்லாரும் சொன்னாங்க. எண்டோஸ்கோப்பி, வயித்து ஸ்கேன் எல்லாமே நார்மல். இந்தம்மா மட்டும் நைனா இடுப்பு பெல்ட்டைப் பாத்தாங்க, ஆணி வெச்சு அவரே புதுசு புதுசா போட்ட ஓட்டைங்க வரிசையா இருந்துச்சு. சாப்பாட்ட கொறச்சீங்களாப்பான்னு கேட்டாங்க, இல்லம்மான்னாரு. அப்ப கணையத்த பாத்தே ஆகணும்னு அங்கயே வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கு எங்க குடும்பமே கடன்பட்டிருக்கு தாயி.

சிஎம்சில ஒரு டாக்டர் பேப்பர்ல படம் போட்டு எங்கம்மாவுக்கே புரியற மாதிரி சொன்னார். கணையம் இரைப்பைக்குப் பின்னாடி முதுகெலும்ப ஒட்டி கெடக்குது, குடல்ல கேஸ் இருந்தா சாதா ஸ்கேன்ல மறைஞ்சிடும். கட்டி தலைப் பக்கம் இருந்தா பித்தக்குழாய அடைச்சு மஞ்சகாமாலை வந்து காட்டிக்குடுக்கும், நைனாவுக்கு வால் பக்கம், அதனால கண்ணுகூட மஞ்சளாகல. இந்த கேன்சருக்கு பாக்குற சிஏ 19-9ங்கற ரத்த டெஸ்ட்ட மட்டும் நம்ப முடியாதாம், சில பேர் ஒடம்புல அது சுரக்கவே சுரக்காது, வெறும் மஞ்சகாமாலைக்கே சில பேருக்கு ஏறிடும். அதான் மருந்து ஏத்தி சிடி, அப்புறம் எண்டோஸ்கோப்பி வழியாவே ஸ்கேன் பண்ணி ஊசில சதை எடுத்தாங்க. கண்டுபுடிக்கிறப்பவே நூத்துக்கு 15, 20 பேருக்குத்தான் ஆபரேஷன் பண்ற நெலமை இருக்குமாம், அதுல நைனா ஒருத்தர். வாலையும் மண்ணீரலையும் சேத்து எடுத்துட்டாங்க, கீமோ ஓடிகினு இருக்கு.

ராத்திரி டியூட்டி சிஸ்டருங்க, கேட்ட நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்த ஆட்டோ அண்ணன், லாட்ஜ்ல பக்கத்து ரூம்ல இருந்துகினு பாஷை தெரியாமலே எங்கம்மாவுக்கு தெனம் சோறு போட்ட கல்கத்தா அக்கா, எல்லாருக்கும் கையெடுத்து கும்புடுறேன்.

ஆபரேஷன் அன்னிக்கு காட்பாடில இருந்து வந்து ரத்தம் குடுத்துட்டு டீகூட குடிக்காம காலேஜுக்கு ஓடுன பசங்க, பேரு கேக்க விட்டுட்டோம்டா தம்பிங்களா. இத பாத்தா ஒரு போன் போடுங்க, நைனா உங்ககிட்ட பேசணும்னு கேட்டுகினே இருக்கார்.