2024–25 ஆண்டறிக்கை: சுந்தரவனப் பயணமும் அடுத்த குழுவுக்கான குறிப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை முன்வைக்கிறேன். வழக்கமான செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஜனவரியில் போய்வந்த சுந்தரவனப் பயணத்தைப் பற்றி விரிவாகப் பேச அனுமதி கேட்கிறேன். இந்த ஆண்டு உறுப்பினர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். அடுத்த குழுவும் போகக் காத்திருக்கிறது. அதோடு, அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு தவறும் பதிவில் இருக்க வேண்டும்.

முதலில், இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி. சித்திரைத் திருநாளும் நவராத்திரியும் பொங்கலும் வழக்கம்போல் நடந்தன. கொல்கத்தாவில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கான ஞாயிறு தமிழ் வகுப்பு, துர்கா பூஜை விடுமுறை தவிர எந்த வாரமும் நிற்கவில்லை. லேக் மார்க்கெட்டிலிருந்து வகுப்புக்கு நடந்தே வந்து சொல்லிக்கொடுத்த இரண்டு ஆசிரியைகளுக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

சரி, சுந்தரவனம்.

நாற்பது ஆண்டு இந்த நகரத்தில் இருந்தும் நம்மில் பலர் அங்கே போனதில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் வேறு உலகம். இந்தியாவும் வங்கதேசமும் சேர்ந்து ஏறக்குறைய பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு. நம் பக்கத்தில் 102 தீவுகள். அவற்றில் 54இல் மக்கள் வாழ்கிறார்கள், மற்றவை காட்டுக்கும் புலிக்கும். 1973இல் புலிகள் காப்பகம், 1984இல் தேசியப் பூங்கா, 1987இல் உலகப் பாரம்பரியத் தலம். நம் பக்கத்துப் புலிகள் சுமார் நூறு என்பது கணக்கெடுப்பு.

ஜனவரி 25 சனிக்கிழமை புறப்பட்டு 27ஆம் தேதி திரும்பினோம். சிலர் காரில் நேராக கோட்காளி படகுத்துறைக்கு வந்தார்கள், மூன்று மணி நேரம் ஆனது. மற்றவர்கள் சியால்தா தெற்குப் பகுதியிலிருந்து கானிங் லோக்கலில் வந்தோம். காலையில் அந்த வண்டி நகரத்தை நோக்கி வரும்போது மூச்சு விட இடம் இருக்காது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வரும் பெண்களும் ஆண்களும் நிறைந்திருப்பார்கள். நாம் எதிர்த் திசையில் போவதால் உட்கார இடம் கிடைத்தது. கானிங்கிலிருந்து கோட்காளிக்கு இன்னும் சுமார் முப்பது கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேட்காதவர்களின் பெட்டியை இளைஞர்கள்தான் படகுத்துறையில் தூக்கினார்கள்.

கானிங்கில் இறங்கும்போது ஒரு பழைய கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னேன். மாத்லா நதிக்கரையில் கல்கத்தாவுக்கு மாற்றாக ஒரு பெரிய துறைமுகம் கட்ட ஆங்கிலேயர்கள் திட்டமிட்டார்கள். சைக்ளோன் என்ற சொல்லையே உருவாக்கிய ஹென்றி பிடிங்டன் கல்கத்தாவில்தான் இருந்தார். புயல் வந்தால் நீர் அந்த இடத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்று 1853இல் எழுதி எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. 1867இல் புயல் வந்தது, துறைமுகம் போனது. அந்த ஊரில் தண்ணீரைக் கேட்காமல் எதையும் திட்டமிடக் கூடாது. இதை அன்று காலை குழந்தைகளுக்குச் சொன்ன நானே மதியம் அதை மறந்திருந்தேன் என்பதுதான் நான் சொல்ல வந்த தவறு.

பயண நிரலை நான் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டேன். ஒரு மணிக்குத் தங்குமிடத்துத் துறையில் இறங்குவது, இரண்டு மணிக்குச் சாப்பாடு. ஆனால் அங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஏறுவதை ஜோவார் என்கிறார்கள், வற்றுவதை பாட்டா என்கிறார்கள். இரண்டுக்கும் இடையே நீர்மட்டம் ஒரு ஆள் உயரத்துக்கு மேல், சில நாட்களில் இரண்டு ஆள் உயரம்கூட மாறும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நாம் போய்ச் சேர்ந்த ஒரு மணி, சரியாக வற்றத்தின் அடி. துறையின் கடைசிப் படிகள் மேலே தெரிந்தன, ஆனால் அவற்றில் வழுக்கும் களி அப்பிக் கிடந்தது. படகிலிருந்து அங்கே ஒரு பலகை போட்டார்கள். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா அதில் கால் வைத்தார், செருப்பு வழுக்கியது. படகுப் பையன் ஒருவன் பாய்ந்து அவர் தோளைப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. மற்ற மூத்தவர்களை நான் இறக்கவே இல்லை. நீர் ஏறும் வரை இரண்டு மணி நேரம் படகிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் என்னிடம் ஒரு கடிந்த சொல் சொல்லவில்லை. "பஞ்சாங்கம் பார்த்துக் கல்யாணம் வைக்கிறோமே, இதுக்கும் பார்த்திருக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னார். அவரிடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. நாம் போனது ஏகாதசி. 29ஆம் தேதி தை அமாவாசை. அதாவது நாளுக்கு நாள் வற்றம் ஆழமாகிக்கொண்டிருந்தது. அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் தண்ணீர் குறைவாக ஏறி இறங்கும். அஷ்டமி நவமியில் பயணம் புறப்பட மாட்டோம் என்பவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் மனமும் நோகாமல் ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

வற்றத்தால் கெடுதல் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மதியம் நீர் இறங்கியபோதுதான் சேற்றுக்கரைகள் வெளியே வந்தன, கரையில் முதலை வெயில் காய்ந்தது, நண்டுகளும் சேற்றில் தாவும் மீன்களும் தெரிந்தன, புள்ளிமான்கள் இறங்கி வந்தன. காலையில் நீர் நிறைந்திருந்தபோது பெரிய படகு நுழைய முடிந்த சிறு ஓடைகளுக்குள் மதியம் நுழையவே முடியாது. ஆகவே எந்த நேரத்தில் எந்த ஓடை என்பதைப் படகை ஓட்டும் சாரெங்கிடம் விட்டுவிட வேண்டும். நம்மவர்கள் சிலர் முதல் நாள் அவரோடு வாதாடினார்கள், இரண்டாம் நாள் வாதாடவில்லை.

அனுமதி விஷயம். சஜ்னேகாலி வனத்துறை அலுவலகத்தில் ஒவ்வொருவரின் பெயருக்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், படகுக்குத் தனி, வழிகாட்டி கட்டாயம். ஒரு உறுப்பினர் அடையாள அட்டையைக் கைப்பேசிப் படமாக மட்டும் வைத்திருந்ததால் எல்லோரும் காத்திருந்தோம். மூல அட்டை, இரண்டு நகல், இது கட்டாயம். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் அவர்களின் கடவுச்சீட்டை மறக்க வேண்டாம். காவல் கோபுரங்கள் தவிர வேறெங்கும் காட்டில் கால் வைக்க முடியாது. சூதன்யகாலியிலும் தோபாங்கியிலும் ஏறிப் பார்த்தோம். தோபாங்கியில் வலைக்கூண்டு போட்ட உயரமான நடைபாதை இருக்கிறது. குழந்தைகள் அங்கிருந்து இறங்க மனமில்லாமல் நின்றார்கள்.

புலியைப் பார்க்கவில்லை. இதைத் தயங்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நமக்குப் படகு பேசிக்கொடுத்தவர் புலி நிச்சயம் என்று சொல்லியிருந்தார். நிச்சயம் என்று யார் சொன்னாலும் அவரிடம் பதிவு செய்யாதீர்கள். சேற்றில் புதிய காலடித் தடம் பார்த்தோம். ஹெந்தால் என்ற ஈச்சம் புதர்களைக் காட்டி, அதற்குள் புலி பத்தடியில் நின்றாலும் தெரியாது என்றார் வழிகாட்டி. அந்த மஞ்சளும் கருப்பும் கலந்த ஓலைகளைப் பார்த்தபோது நம்பினேன். மீன்கொத்திகளை மட்டும் எத்தனை வகை பார்த்தோம் என்று ஒரு சிறுமி பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். அது நம் நூலகத்தில் வைக்கப்படும்.

எனக்கு எல்லாவற்றையும்விட மனதில் நின்றது ஒரு மரம். கேவா என்று அங்கே சொல்கிறார்கள். குளிர்காலத்தில் இலைகள் சிவந்து நிற்கிறது. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தொடாதீர்கள் என்றார் வழிகாட்டி. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது நம் தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம், பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிற அதே மரம். கடலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மூன்று நம் குழுவில் இருந்தன. அந்தப் படகில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சாப்பாடு: சைவம் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே "நிராமிஷ்" என்று சொல்லி எழுதி வாங்குங்கள், கடுகெண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்லுங்கள். அன்று ஏகாதசி விரதம் இருந்தவர்களுக்கு வாழைப்பழமும் பாலும் கிடைத்தன, அது போதுமானதாக இல்லை. ரசப்பொடியும் புளியும் கொண்டுவந்த மாமி இரவில் எல்லோருக்கும் ரசம் வைத்துக்கொடுத்தது பயணத்தின் சிறந்த சாப்பாடு. குடிதண்ணீரைப் பெரிய கேன்களாகப் படகிலேயே ஏற்றிவிட வேண்டும்; 2009இல் அய்லா புயல் கொண்டுவந்த உப்புநீர் குளங்களையும் வயல்களையும் கெடுத்த பிறகு அந்தத் தீவுகளில் நல்ல தண்ணீர் எவ்வளவு அருமை என்பதை அங்குள்ளவர்கள் சொல்லக் கேட்டோம். நாம் அவர்கள் குழாயில் வரிசை நிற்கக் கூடாது. பாட்டில், பிளாஸ்டிக் பை வேண்டாம். குப்பையை முழுவதும் கொல்கத்தாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்.

உடல்நலம் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பாகிராலய் கிராமத்தில் இரவு ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் டோட்டோ என்ற பேட்டரி ஆட்டோவில் கோசாபா ஊர், அங்கிருந்து ஆறு தாண்டிக் கோட்காளி, அப்புறம் சாலையில் கானிங் மருத்துவமனை. இதை மனதில் வைத்துத்தான் பெயர் கொடுக்க வேண்டும். இதயம், சர்க்கரை, வலிப்பு இருப்பவர்கள் மறைக்காமல் செயலாளரிடம் சொல்லுங்கள். மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். ஜனவரி விடியலில் ஆற்றுக்காற்று நடுக்கிவிடும். குரங்குக் குல்லாவும் கம்பளியும் வேண்டும். வழுக்காத பட்டைச் செருப்பு வேண்டும், ரப்பர் ஸ்லிப்பர் கூடவே கூடாது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் வந்து வந்து போகிறது. எல்லைப் பக்கம் போனபோது இரண்டு பேரின் கைப்பேசி வங்கதேச நேரத்துக்கு மாறி அரைமணி முந்திக் காட்டியது. படகு நேரத்துக்குக் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

இன்னொன்று. புலியால் கணவரை இழந்த பெண்கள் வாழும் இடத்தைக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். சில உறுப்பினர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது. மீன் பிடிக்கவும் நண்டு பிடிக்கவும் தேன் எடுக்கவும் காட்டுக்குள் போய்த் திரும்பாதவர்களின் வீட்டு வாசலில் நாம் கேமராவோடு போய் நிற்பது சரியில்லை என்பது என் முடிவு. அதற்குப் பொறுப்பேற்கிறேன். வனதேவி பன்பீபியின் கோயிலுக்குப் போனோம். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வணங்கிவிட்டுத்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். தேன் வாங்க விரும்பியவர்கள் கிராமத்தாரிடமே பேரம் பேசாமல் வாங்கினார்கள். திரும்பும் வழியில் கோசாபாவில், 1932 டிசம்பரில் தாகூர் வந்து தங்கிய மர பங்களாவையும் பார்த்தோம்.

அடுத்த பயணத்துக்குச் செயற்குழுவின் முன்மொழிவு இது. 2026 ஜனவரி 10 சனிக்கிழமை அஷ்டமி. ஒருநாள் முன்னதாக, 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை சப்தமியில் புறப்பட்டுவிடலாம். காட்டில் இருக்கும் நாட்கள் அஷ்டமியும் நவமியுமாக அமையும், தண்ணீர் அடங்கியிருக்கும். நேரத்தை மட்டும் சாரெங்கிடம் கேட்டு உறுதி செய்த பிறகே நிரல் அச்சாகும். ஒரு படகில் இருபது பேருக்கு மேல் கூடாது. கழிப்பறையையும் உயிர்காப்பு மேலங்கிகளின் எண்ணிக்கையையும் இரண்டு உறுப்பினர்கள் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் முன்பணம் கொடுப்போம். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு இளைஞர் துணை.

அந்த அம்மா வரும் முறையும் வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டார், பட்டியலில் முதல் பெயர் அவருடையது. மற்றவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்