கொசுவலை வழியாகப் படம் பார்க்கிறவனுக்கு

பழங்காநத்தம், மதுரை
பங்குனி கடைசி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பலால் பதில் போடாமல் இல்லை. நானூறு டிவிடியையும் எடைக்குப் போட்டுவிட்டு, அதைவிடத் தெளிவாகப் படம் தருகிற ப்ளூ-ரே டிஸ்க் வாங்கலாமா வேண்டாமா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதினேழு வருஷம் கேசட் கடை வைத்திருந்தவனிடம் இதைக் கேட்டால் ஒரே வரியில் பதில் வருமா?

இங்கே எல்லோரும் நலம். வெயில் இப்போதே பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. பேத்தி பிளஸ் டூ பரீட்சையை முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறாள். என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாவடு போட்டிருக்கிறோம். ஓசூர்ப் பக்கம் ஆள் வந்தால் ஒரு ஜாடி கொடுத்து அனுப்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் வாங்கிக் கொடுத்த 55 இஞ்ச் டிவியில் நம்ம டிவிடியைப் போட்டால் “கொசுவலைக்குள்ள இருந்து பாக்குற மாதிரி இருக்கு” என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத்தான் பத்து நாளாக மென்றுகொண்டிருந்தேன்.

கணக்கு எளிது. பழைய விசிடியில் ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு, ஒரு லட்சம் புள்ளி. டிவிடியில் அதிகம் போனால் நாலு லட்சம். ப்ளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேல். உன் புது டிவி 4கே என்றால் அதில் இருப்பது 83 லட்சம் புள்ளி. நாலு லட்சத்தை இழுத்து 83 லட்சத்தில் பரப்புகிறது அது. அரைப்படி மாவில் ஊருக்கே தோசை ஊற்றினால் எப்படி வரும்? அப்படித்தான் வரும். ஆக, உன் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் இருபது லட்சம் புள்ளி உள்ள டிஸ்க்கில் இருபது லட்சம் புள்ளிக்கு உண்டான படம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அங்கேதான் நான் பணத்தை விட்டேன்.

2014-ல் பிளேயர் வாங்கின ஜோரில், இணையத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் ப்ளூ-ரேயைப் பார்த்து வரவழைத்தேன். பெயர் வேண்டாம், போட்ட கம்பெனியும் வேண்டாம். அட்டையில் தங்க எழுத்து, உள்ளே நீல டப்பா, எல்லாம் பிரமாதம். போட்டுப் பார்த்தால் வலது மேல் மூலையில் ஏதோ அழித்த மாதிரி ஒரு கறை, படம் முழுக்க. என்றைக்கோ ஒரு சானலில் ஓடிய டேப், அதில் இருந்த முத்திரையைத் துடைத்திருக்கிறார்கள். கதாநாயகி கை வீசினால் விரல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாய் நிற்கிறது. டிவிக்காக எடுத்த டேப்பை அப்படியே ஊதிப் பெரிதாக்கினால் வருகிற கோடு அது. நாலு லட்சம் புள்ளியை இருபது லட்சம் விலைக்கு விற்றிருக்கிறார்கள். வீட்டில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது: “இது நம்ம கேசட்டுதானே, டப்பாதான் புதுசு.”

இதில் டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. 35 எம்.எம். நெகட்டிவில் ப்ளூ-ரே கேட்கிறதைவிட அதிகமாகவே சரக்கு உண்டு. ஆனால் நெகட்டிவ் இருக்க வேண்டுமே. அசிடேட் ஃபிலிமைச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டுவைத்தால் தானாகவே புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கும், சுருள் சுருங்கி வளைந்துவிடும். நம் ஊர் வெயிலும் குளிர்சாதனம் இல்லாத கிடங்கும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? நெகட்டிவ் போன படத்துக்குத் தியேட்டரில் ஓடி ஓடித் தேய்ந்த பிரிண்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் டேப்தான். 1964-ல் வந்த கர்ணனை டிஜிட்டலில் சுத்தம் செய்து 2012-ல் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தார்களே, நானும் போய்ப் பார்த்தேன். விசில் பறந்தது. யாரோ உட்கார்ந்து சட்டம் சட்டமாகக் கீறலைத் துடைத்து, ஒலியையும் சரிபண்ணியதால் வந்த விசில் அது. அந்த மாதிரி வேலை நடந்த படமா என்று கேள். நடந்திருந்தால் வாங்கு. நடக்காவிட்டால் உன் டிவிடியே போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். முகம் பெரிதாக வருகிற இடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டு, கன்னத்தைப் பார். மெல்லிய மணல் கொதிக்கிற மாதிரி ஒரு அசைவு இருந்தால் அது ஃபிலிமின் துகள், நல்ல அறிகுறி. பலர் அதை அழுக்கு என்று நினைத்துக் குறை சொல்கிறார்கள். கன்னம் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருந்தால் கம்ப்யூட்டரில் போட்டுத் தேய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். துகளோடு சேர்ந்து கண்ணிமை மயிரும் போயிருக்கும்.

நல்ல டிஸ்க் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வேண்டாம் என்கிற கட்சி என்று நினைத்துவிடுவாய். எழுபதுகளின் படம் ஒன்று, நல்ல ஸ்கேன். கல்யாண வீட்டுக் காட்சியில் பின்னால் நாலு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். டிவிடியில் பார்த்தபோது சிவப்புச் சேலை, பச்சைச் சேலை, அவ்வளவுதான். ப்ளூ-ரேயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரி, “நிறுத்துங்க, அந்தச் சிவப்பு சுங்குடி இல்ல, அச்சு” என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியில் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்று கொஞ்சம் பெருத்திருக்கும். இதில் எல்லாப் புள்ளியும் பட்டாளம் மாதிரி ஒரே அளவில் நிற்கின்றன. நாற்பது வருஷத்துக்கு முன்னால் உடை இலாகாவில் எவனோ மிச்சம் பிடித்த காசை இவள் பழங்காநத்தத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்குத்தான் அந்தப் பிளேயருக்குக் கொடுத்த காசு எனக்குச் செரித்தது. (அதே படத்தில் ஒட்டு மீசையின் ஓரமும், அரண்மனைத் திரைச்சீலையின் சுருக்கமும் தெரிந்தது. அதைத் தெரியாமலே வைத்திருக்கலாம்.)

இன்னொரு லாபம், அகலம். ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் ஸ்கோப் படம் பார்த்துவிட்டு வந்து திரை எவ்வளவு நீளம் என்று சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? தமிழில் 1973-ல் ராஜராஜ சோழனோடு சினிமாஸ்கோப் வந்தது. அப்புறம் அந்த நீளப் படங்களை எல்லாம் சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் நறுக்கி கேசட்டில் போட்டார்கள். கிட்டத்தட்ட பாதிப் படம் போய்விடும். இரண்டு பேர் பேசினால் ஒருத்தர் மூக்கு மட்டும் இந்த ஓரத்தில் இருக்கும். நறுக்காமல் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். என் கடைக்கு வந்து, “படத்தை மேலயும் கீழயும் வெட்டிட்டீங்க” என்று சண்டை போட்டு வாடகையைத் திருப்பி வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர்! முழுப் படம் வந்தது அந்தக் கேசட்டில் மட்டும்தான். நான் எவ்வளவு சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை, நானும் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன்.

உனக்குச் சுருதி பிடிக்கிற காது என்பதால் இதையும் எழுதுகிறேன். ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம் ஓடும். நம் ஊர் டிவிக்கான ‘பால்’ (PAL) முறை டிவிடியில் அதை 25-ஆக ஓட்டுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும், பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். எல்லா டிவிடியும் அப்படி இல்லை. ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு டிவிடியோடு சேர்ந்து பாடினால் ஒத்துவரவில்லை என்று முன்னொரு தரம் எழுதியிருந்தாயே, காரணம் இதுவாக இருக்கலாம். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் 24-ஆகவே ஓடும். சத்தம் மற்றபடி பழைய படத்துக்குப் பெரிதாக மாறாது. ஒற்றை டிராக்கில் பதிந்ததை ஆறு ஸ்பீக்கரில் பிரித்தால் அது இசையமைப்பாளர் செய்த வேலை இல்லை, பின்னால் வந்தவன் செய்த வேலை.

இப்போது உன் நாற்காலிக்கு வருகிறேன். டிவியிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார்கிறாய்? தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் திரை கண்ணை நிறைத்தது. அந்த இடத்தில் இப்போது ஜவுளி வாங்குகிறார்கள். வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. என் 40 இஞ்ச் டிவியில் ப்ளூ-ரேயின் முழுப் பலனும் ஐந்து அடிக்குள் உட்கார்ந்தால்தான் நல்ல கண்ணுக்குத் தெரியும். பத்து அடிக்கு அப்பால் போனால் டிவிடியின் வரிகளே ஒன்றோடொன்று கலந்துவிடும், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது. நான் பதினோரு அடி தள்ளி ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு வித்தியாசம் தேடிக்கொண்டிருந்தேன்! உன் 55 இஞ்சுக்கு ஏழு அடி. டேப் வைத்து அளந்து பார்.

அடுத்தது வயர். பழைய டிவிடி பிளேயரைச் சிவப்பு வெள்ளை மஞ்சள் வயரில் மாட்டியிருந்தால், படத்தில் பாதி அங்கேயே கெட்டுவிடும். ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்கி எச்.டி.எம்.ஐ. வயரில் மாட்டி, அதே டிவிடியைப் போடு. டிஸ்க் எதுவும் வாங்காமலே கொசுவலை கொஞ்சம் விலகும். விசிடியை மட்டும் சில பிளேயர் ஏற்காது, கேட்டு வாங்கு. பிளேயர் வேண்டும் என்றால் ரொம்பத் தள்ளிப் போடாதே. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாய்த் தயாரிப்பை நிறுத்திக்கொண்டு வருகின்றன. கேசட் டெக் ரிப்பேர்க்காரரைத் தேடுகிற மாதிரி கதை ஆகிவிடும். அமெரிக்காவிலிருந்து மருமகள் டிஸ்க் வாங்கி வருகிறேன் என்றாளாமே, அவளிடம் சொல்லிவிடு: அங்கத்து ப்ளூ-ரே ஏ மண்டலம், நம்முடையது சி. வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி பூட்டுப் போட்ட டிஸ்க் இங்கே ஓடாது. 4கே டிஸ்க்குக்கு மட்டும் அந்தப் பூட்டு கிடையாது. ஆனால் அதற்கு 4கே பிளேயரே வேண்டும்.

மாப்ள, இதெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் பத்து நாளாக நான் மென்றது இதை அல்ல. உன் கடிதத்தின் கடைசியில், ராத்திரி எதிரே வருகிற லாரி லைட் “பூவா விரியுது, அதனால வண்டி ஓட்டுறதில்ல” என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ப்ளூ-ரே மோசம், டிவி மோசம், எல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி இழுத்துக்கொண்டு போய் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டினாள். கண்புரை. வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தபோது, எதிரே வந்த நர்ஸின் சேலை அவ்வளவு நீலம். வீட்டுக்கு வந்து ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் டிவியைப் பார்த்தேன். இடது கண்ணில் பழைய கேசட், வலது கண்ணில் புது பிரிண்ட். அதுவரை டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் நான் செலவழித்ததை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

உனக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, டாக்டர் சொல்லட்டும். சித்திரைத் திருவிழாவுக்கு எப்படியும் வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இந்த முறை எதிர்சேவைக்கு இரண்டு நாள் முன்னதாகவே தங்கச்சியோடு வா. காலையில் அண்ணா நகர் அரவிந்துக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிடலாம், ஏழு மணிக்கே டோக்கன் போட வேண்டும், நான் போய் நிற்கிறேன். வரும்போது உன் டிவிடியில் உனக்கு ரொம்பப் பிடித்த மூன்றை மட்டும் எடுத்து வா. என்னிடம் அதே படத்துக்கு ப்ளூ-ரே இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறேன். கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் அன்றைக்குச் சாயங்காலம் வரை எல்லாமே கொசுவலைதான். அதனால் படம் மறுநாள்.

மறக்காமல் டேப் எடுத்து அளந்து, எத்தனை அடி என்று எழுது. நான் ஊஞ்சலை இன்னும் கழற்றவில்லை. வீட்டில் விடமாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
உன் மாப்ள