உன் ஊர்க்காரியின் புது அல்பம்

கல்லடி, மட்டக்களப்பு
2020 நவம்பர் 16

அன்புள்ள மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கு வொய்ஸ் மெசேஜில் பதில் சொல்லப் பார்த்தேன், சரிவரவில்லை. அதுதான் இருந்து எழுதுகிறேன். "அப்பா, உங்கட மெல்பேர்ண் பாடகி கைலி மினோக் புது அல்பம் விட்டிருக்கிறா. 52 வயசில, அதுவும் இந்த வருசத்தில, டிஸ்கோ தேவையா?" என்று கேட்டிருந்தாய்.

தேவை மகள்.

இந்த வருடம் உனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். ஜூலை தொடங்கி ஒக்டோபர் கடைசி வரைக்கும் மெல்பேர்ண் பூட்டிக் கிடந்தது. ஐந்து கிலோமீற்றருக்கு அங்கால் போக முடியாது, இரவில் ஊரடங்கு. அதற்குள்ளும் நீ ஒவ்வொரு நாளும் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாய். விக்டோரியாவில் கொரோனாவில் இறந்தவர்களில் பெரும்பங்கு முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள் என்று செய்தியில் சொன்னால், அம்மா ரீவியை நிற்பாட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவா. நீ குளிப்பாட்டி, தலை சீவி, சாப்பாடு ஊட்டிய ஆட்கள் அவர்கள். அப்படி ஒரு வருடத்தில் ஒருத்தி மினுங்கும் உடுப்புப் போட்டுக்கொண்டு ஆட்டப் பாட்டுப் பாடினால் உனக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். உன் கேள்வியை நான் பகிடியாக எடுக்கவில்லை.

அந்த அல்பம் எப்படி உண்டானது என்று தெரிந்தால் நீ வேறு காதால் கேட்பாய் என்று நினைக்கிறேன். 'டிஸ்கோ' என்றுதான் பெயரே வைத்திருக்கிறார். போன வருடமே வேலை தொடங்கியாகிவிட்டது. மார்ச்சில் லண்டனும் பூட்டுப்பட, ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. கைலி என்ன செய்தார் தெரியுமா? வீட்டு அறையில் உடுப்புத் தொங்கவிடும் ஸ்டாண்டுகளை நிறுத்தி, அதில் போர்வைகளைப் போட்டு மறைத்து, நடுவில் மைக்கை வைத்துத் தன் குரலைத் தானே பதிந்திருக்கிறார். கணினியில் ஒலிப்பதிவு செய்யும் மென்பொருளை அதற்காகவே இருந்து படித்திருக்கிறார். குரலைப் பதிந்த எஞ்சினியர் என்றும் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். 30 வருடத்துக்கு மேலாக, வேறு ஆட்கள் பட்டனைத் தட்ட, கண்ணாடிக்கு அங்கால் நின்று பாடி வந்த மனுசி அவர்.

போர்வை எதற்கு என்று நீ கேட்கலாம். வெறும் சுவருள்ள அறையில் பாடினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி மைக்கில் இரண்டாம் தரம் விழும். அது ஒருமுறை பதிந்துவிட்டால் எந்த மிக்சராலும் பிரித்தெடுக்க முடியாது. போர்வை அந்தத் திரும்பி வரும் சத்தத்தைக் குடித்துவிடும். நான் சவுண்ட் போடப் போகிற கல்யாண மண்டபங்களிலும் இதே கதைதான். விடிய வெள்ளனப் போய், சனமில்லாத மண்டபத்தில் செக் பண்ணினால் சத்தம் சிதறும், ஒரு சொல் விளங்காது. மறுகா சனம் வந்து நிறைந்ததும் அதே ஸ்பீக்கர் பொக்ஸ், அதே அம்ப், சத்தம் தன்பாட்டில் திருந்திவிடும். அத்தனை பேருடைய உடம்பும் உடுப்பும் சேர்ந்துதான் அதைத் திருத்துகின்றன. இந்த வருடம் கைலிக்கு அந்தச் சனம் கிடைக்கவில்லை. அல்பம் வந்த மறுநாள் நடத்திய இசை நிகழ்ச்சியும் ஆளில்லாத இடத்தில் ஆடிப் பாடி இணையத்தில் காட்டியதுதான். சனத்துக்காகவே செய்கிற பாட்டை, சனம் ஒன்றுமில்லாத அறையில், போர்வைக்குள் நின்று சிரித்த குரலில் பாட வேண்டும் என்றால் அது லேசான வேலை இல்லை மகள். அழுகைப் பாட்டைத் தனியே பாடலாம். ஆட்டப் பாட்டைத் தனியே பாடுவது கஷ்டம். எத்தனையோ பாடகர்களுக்கு மைக் பிடித்துக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

கைலி என்னிடம் வந்து சேர்ந்தது கசற்றில். அந்தக் காலத்தில் ரெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். நான் எழுதிக் கொடுப்பது முக்கால்வாசியும் போனி எம், மிச்சம் அபா. பக்கம் முடியும் இடத்தில் கொஞ்சம் ரேப் மிஞ்சினால் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவார். அப்படி நான் கேட்காமல் வந்த பாட்டுத்தான், தன் நாட்டுக்கு வெளியில் கைலியின் முதல் பெரிய ஹிட்டான 'ஐ ஷுட் பி சோ லக்கி'. 1987இல் லண்டனில் அவரை வரச்சொன்ன தயாரிப்பாளர்கள் அதையே மறந்துபோயிருந்து, அவர் வெளியில் காத்திருக்க 40 நிமிடத்தில் அவசரமாக எழுதிய பாட்டு அது என்று பிறகு படித்தேன். யுத்தத்துக்குள் எங்கள் ஊர் அப்போது இருந்த நிலையை உனக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தெருவில் ஆள் இராது. கதவைச் சாத்திவிட்டு, பற்றரி இறங்கிப் பாட்டு இழுபடும் வரைக்கும் அதைத்தான் கேட்பேன்.

அவருடைய சொந்த நாட்டிலேயே 'பாடும் பட்ஜி' என்று பட்டம் வைத்தார்கள். கூட்டில் வளர்க்கிற சின்னக் கிளி இருக்கிறதே, அது. ரீவி நாடகத்தில் மெக்கானிக் பெட்டையாக நடித்தவளுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்டார்கள். குரல் மெல்லியதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டப் பாட்டுக்குப் பெரிய குரல் வேண்டுமென்றில்லை. தாள அடிக்கு மேல் மிதக்கிற குரல் வேண்டும், அது அவரிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. 2005இல் மார்புப் புற்றுநோய் வந்தபோது அவருக்கு 36 வயது. உலகச் சுற்றுப்பயணத்தை இடையில் நிறுத்திவிட்டு, நீ இப்போது இருக்கிற அதே மெல்பேர்ணில்தான் ஒப்பரேஷன் செய்தார். அந்தச் செய்தி வந்த இரண்டு கிழமைக்குள் அவுஸ்திரேலியாவில் மார்புப் பரிசோதனைக்குப் பதிவு செய்த பெண்களின் தொகை 40 வீதம் கூடியது. அடுத்த வருட நவம்பரில் சிட்னியில் மேடை ஏறினார். ஆகவே 52 வயதில் ஆட்டம் எதற்கு என்ற கேள்வியை இந்த மனுசியிடம் கேட்க எனக்கு மனம் வராது.

டிஸ்கோவுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1979 ஜூலையில் சிக்காகோவில், பேஸ்போல் மைதானத்தின் நடுவில் டிஸ்கோ ரெக்கோட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்தார்கள். அதோடு டிஸ்கோ செத்துவிட்டது என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள். அப்படி வெடித்தவர்களுக்குப் பிடிக்காமல் போனது பாட்டு மட்டும்தானா என்பது வேறு கதை. கறுப்பினத்தவர்களும், வேறு இடத்தில் தங்களைக் காட்டிக்கொள்ள முடியாத தன்பாலின விருப்பமுள்ளவர்களும் ஒன்றாகக் கூடி ஆடிய இசை அது. ஆனால் அது சாகவில்லை. இளையராஜாவின் 80களின் பாட்டுகளில் எத்தனையில் அந்த அடி கிடக்கிறது என்று கேட்டுப் பார்.

அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்த்துக்கீசர் வழிவந்த எங்கள் பறங்கியர் கல்யாணங்களில் வயலினோடு கபரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் அது துள்ளுகிற தாளம், ஆறு ஆறாகப் போகும். கால் தெரிந்தவன்தான் ஆடலாம். தெரியாதவன் கதிரையில் இருந்து கை தட்டுவான். டிஸ்கோ அப்படியில்லை. நாலு அடி, நாலும் ஒரே கனம், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் டிறம் செட்டின் ஹைஹெட் தட்டு திறந்து மூடும். எவனுக்கும் அதில் இடமிருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் வயதான மாமி ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினால், இன்னும் அரைப் பாட்டில் அவ எழும்புவா என்று நான் மிக்சருக்குப் பின்னால் இருந்தே சொல்லிவிடுவேன். அந்த நேரம் சத்தத்தைக் கூட்டக் கூடாது. கூட்டினால் கூச்சப்பட்டுத் திரும்ப இருந்துவிடுவா.

சரி, அல்பத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு பாட்டு. 'மேஜிக்'கில் தொடங்குகிறது, நல்ல தொடக்கம், அவசரமில்லாமல் கதவைத் திறக்கிறது. மறுகா 'மிஸ் எ திங்'. இதுதான் எனக்கு அல்பத்திலேயே பெரிய பாட்டு. பேஸ் கிற்றார் ஒரே சுரத்தை மேலும் கீழுமாக மாறி மாறித் தட்டுகிறதைக் கேள், 70களில் வாசித்தவர்கள் இந்த வழியாகத்தான் சனத்தை எழுப்பினார்கள். போனில் கேட்டால் அது பாதிகூட வராது. 'லாஸ்ட் சான்ஸ்' கேட்கும்போது அபாவின் நல்ல காலம் ஞாபகம் வருகிறது. 'டான்ஸ் ஃப்ளோர் டார்லிங்' ஆறுதலாகப் போய்க் கடைசியில் வேகம் பிடிக்கும். அந்த இடத்தில் அம்மா அடுக்களையில் இருந்து "என்ன, றேடியோ பழுதா?" என்று கேட்டா, அடுத்த தரம் அதே இடத்துக்காகக் கரண்டியோடு வந்து நின்றா.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். 'மண்டே ப்ளூஸ்' எனக்கு ஒட்டவில்லை, பாட்டு முடிந்ததும் மனதில் ஒன்றும் நிற்கவில்லை. நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒன்றின் முகம் மற்றதற்கு. இன்னொரு குறையும் உண்டு, அது இந்தக் காலத்து அல்பம் எல்லாவற்றிலும் உள்ளது: சத்தம் முழுவதும் ஒரே உயரத்தில் நிற்கிறது, மூச்சு விட இடமில்லை. பழைய டிஸ்கோவில் டிறம் அடிக்கிற ஆளின் கை களைப்பதும் திரும்ப உசாராவதும் கேட்கும். அது இதில் இல்லை.

ஆனால் கடைசிப் பாட்டு 'செலிப்ரேட் யூ'வை நீ தனியாக ஒரு தரம் கேட்க வேண்டும். மேரி என்று ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ இருக்கிறபடியே போதும், உன்னைக் கொண்டாடத்தான் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம் என்கிற மாதிரிப் பாடுகிறார். வேலை முடிந்து உடம்பு நொந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெட்டைக்கு யாராவது சொல்ல வேண்டிய கதை அது. அதைக் கேட்டபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அப்பா நேரில் சொல்ல வெட்கப்படுகிறவற்றை இந்தப் பாட்டு சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை இங்கிலாந்தில் அல்பம் முதலாம் இடத்துக்கு வந்தது. 80கள், 90கள், 2000கள், 2010கள், இப்போது 2020கள் என்று அடுத்தடுத்து ஐந்து தசாப்தத்திலும் அங்கே முதலிடம் பிடித்த முதல் பெண் கைலிதான். எனக்குப் பெரிய சந்தோசம்.

இனி நான் உன்னிடம் கேட்கிற விசயம். உன் இல்லத்தில் இருக்கும் 80 வயது அம்மாவுக்கு 1977இல் என்ன வயது? 37. டிஸ்கோ உச்சத்தில் இருந்தபோது அவ இப்போதைய உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவ. அந்த மெல்பேர்ணில் எத்தனை மண்டபத்தில் ஆடியிருப்பாவோ. இத்தனை மாதம் பிள்ளைகளைக்கூடப் பார்க்காமல் அறைக்குள் இருந்த ஆட்கள் அவர்கள். கூடத்தில் ஒன்றாக இருக்கவிடுகிறார்கள் என்று சொன்னாயே, பொறுப்பானவர்களிடம் கேட்டுவிட்டு ஒரு பின்னேரம் இதைப் போட்டுப் பார்.

போடுகிற விதம் முக்கியம். ஸ்பீக்கரை மூலையில் வைக்காதே, மூலையில் பேஸ் வீங்கி வார்த்தையை மூடிவிடும். இருக்கிறவர்களின் காது உயரத்துக்கு ஒரு மேசையில், முன்பக்கமாக வை. வயது போனால் முதலில் குறைவது மேல் சத்தங்கள் கேட்பதுதான். அதனால் பேஸைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ரெபிளை ஒரு பொடி கூட்டு. காதுக்கு மெஷின் போட்டவர்களை ஸ்பீக்கருக்குக் கிட்ட இருத்தாதே, அவர்களுக்கு அது கத்தல் மாதிரி விழும். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகக் கதைக்கக்கூடிய அளவுக்கு மேல் சத்தம் வேண்டாம். முதலில் 'மேஜிக்', அதோடு 'மிஸ் எ திங்'. யாரையும் எழுப்பப் போகாதே, கையைப் பிடித்து இழுக்காதே. பாட்டு தன் வேலையைச் செய்யும்.

இங்கே எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. மாரி மழை தொடங்கிவிட்டது, வாவியில் தண்ணீர் ஏறுகிறது. கல்யாணம் ஒன்றுமில்லாததால் பொக்ஸ் எல்லாம் தறப்பாளுக்குக் கீழே கிடக்கின்றன. ஸ்பீக்கர் கூம்புக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் கிழமைக்கு ஒருக்கால் எடுத்து ஓடவிடுகிறேன். இப்போது ஓடுவது எந்தப் பாட்டு என்று சொல்லத் தேவையில்லை. அயல் வீட்டுப் பெடியன் வேலிக்கு அங்கால் நின்று, "மாமா, இது ஆர் பாடுற?" என்று கேட்டான். சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இதை எல்பி தட்டாகவும் விட்டிருக்கிறார்களாம். அங்கே கடையில் கண்டால் எனக்கு ஒன்று வாங்கி வை. தபாலில் அனுப்பாதே, வளைந்துவிடும். கட்டுநாயக்க விமான நிலையத்தைத் திறந்து, உங்கள் அரசாங்கமும் போகவிட்ட பிறகு நீ வரும்போது கையில் கொண்டுவா. அம்மா பழைய பெட்டியில் இருந்து தட்டு போடும் மெஷினை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறா, ஊசிதான் புதிது பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோல் எடு. பன்னிரண்டில் உனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். 'மண்டே ப்ளூஸ்' பிடித்திருந்தாலும் சொல்லு, அதைப் பற்றி நாங்கள் கதைக்கலாம்.

அன்புடன்,
அப்பா