அறுப்பின் பண்டிகைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாமலே எங்களோடு நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை ஜூன் முதல் ஞாயிறு நல்லபடியாக நடந்து முடிந்தது. வரவு செலவை ஆலய முகப்பில் ஒட்டியிருக்கிறோம். அந்தத் தாளில் இடம்பெறாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் பண்ருட்டிப் பக்கத்து அண்ணனுக்கு. இரண்டு பலாப்பழம் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பலாவையும் முந்திரியையும் எப்படிச் சாய்த்துப் போட்டது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தோப்பும் தப்பவில்லை. அதற்கப்புறம் வைத்த கன்றில் காய்த்த பழங்கள் இவை. “நான் மாரியம்மன் கோயிலுக்குப் போற ஆளு. என் கையால கொடுத்தா எடுத்துக்குவீங்களா?” என்று வாசலிலேயே நின்றார். அரசு தலைமை மருத்துவமனையில் அவருடைய அம்மா படுத்திருந்தபோது, நம் பெண்கள் சங்கத்து அக்காமார் ஊற்றிய கஞ்சியைக் குடித்தாராம். போதகர் ஐயா பதிலே சொல்லவில்லை. போட்டிருந்த அங்கியோடு பழத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அங்கியில் ஒட்டிய பலாப்பால் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் இன்னும் போகவில்லை.

தேவனாம்பட்டினத்து அக்காவுக்கும் நன்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. வீட்டில் வருமானம் இல்லாத நேரத்திலும், “பண்டிகைக்கு வெறுங்கையோட வர்றதா?” என்று ஒரு கூடை கருவாடு தூக்கி வந்தார். அன்றைக்குப் பிரசங்கம் சீக்கிரமே முடிந்ததற்கு அந்த வாசனையும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். ஏலத்தில் பலாவைவிடப் போட்டி அதற்குத்தான்!

ஏலம் என்றதும் அடுத்த தெரு நடத்துநர் ஐயாவைச் சொல்லாமல் எப்படி? பேருந்தில் விசில் ஊதிப் பழகிய மனிதர். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று இழுத்து இழுத்தே ஒரே எலுமிச்சம்பழத்தை நான்கு பேர் வாங்கித் திருப்பிக் கொடுக்கும்படி செய்துவிட்டார். ஆனால் ஏலம் பணமுள்ளவர்களின் விளையாட்டாகிவிடுகிறது என்று சிலருக்கு மனத்தாங்கல் இருப்பது உண்மை. அது நியாயமான மனத்தாங்கல்தான். அதனால்தான் இந்த முறை தேங்காய், கீரை, முட்டை எல்லாவற்றையும் தனி மேசையில் பத்து ரூபாய்க்கு வைத்தோம். யோசனை சொன்ன ஞாயிறு பள்ளி டீச்சருக்கு நன்றி. பாட்டிமார்கள் பேரம் பேசாமல் பை நிறைய வாங்கிப் போனதை இந்த ஆலயத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை.

சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா தம்பிகள் சனிக்கிழமை ராத்திரி பந்தலுக்கு நாற்காலி இறக்கினார்கள். மறுநாள் அவர்கள் மொழியில் ஒரு பாட்டும் பாடினார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் தாளம் பிடிபட்டதும் மொத்த சபையும் கைதட்டியது. ஒலிபெருக்கிக்காரர், தண்ணீர் கேன் கொடுத்த கடைக்காரர், வண்டிகளை ஒழுங்குபடுத்திய வாலிபர் ஐக்கியம் எல்லாருக்கும் நன்றி.

வந்த பணம் முழுக்க, அரசு மருத்துவமனையில் நாம் ஊற்றும் சனிக்கிழமை மாலைக் கஞ்சிக்கே போகிறது. கூடவே இரண்டு பெரிய ஃபிளாஸ்க் வாங்கப் போகிறோம். நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்கள் முதலில் கேட்பது சாப்பாட்டை அல்ல, வெந்நீரைத்தான். பிள்ளைக்குப் பால் பவுடர் கரைக்க, மாத்திரை போட, பிரசவித்த மகளுக்குக் குடிக்கக் கொடுக்க என்று தம்ளரோடு வந்து நிற்கிறார்கள். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்ன செவிலியர் சகோதரிக்குத் தனி நன்றி. கஞ்சி ஊற்றக் கை போதவில்லை. எந்தச் சபையானாலும், எந்தக் கோயிலானாலும், மாலை ஐந்து மணிக்கு வரலாம். பாட்டு, ஜெபம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. பண்டிகைச் சமையலுக்கு இரவல் வந்த பாத்திரங்களில் ஒரு இட்லிக் குண்டான், இரண்டு பெரிய கரண்டி, மூடி இல்லாத ஒரு தூக்கு ஆலயத்திலேயே இருக்கின்றன. பெயர் வெட்டாததால் யாருடையது என்று தெரியவில்லை. உரியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளவும். மூடி யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
சபைச் செயலாளர்
கடலூர்