ஏழு மணிக்கு டியூஷன் முடியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மேசை விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் சூப்பர்ஹீரோ விளையாட்டு என்று வந்ததும், பிடித்த சக்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாத்திரம் தயார் என்கிற மாதிரி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அங்கேதான் எனக்கு இடித்தது. இந்த விளையாட்டில் ஆளுக்கு ஒரு ஹீரோவாகப் பேசி ஆடுவார்கள், நான் பத்து வருடமாக கேம் மாஸ்டராக உட்கார்ந்து கதை நடத்துகிறேன். சக்தியைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் போதும், அந்த ஆள் சண்டை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

புதிதாக வருகிறவர்கள் தங்கள் ஹீரோவின் விவரம் எழுதும் பாத்திரத் தாளில் முதலில் செய்கிற வேலை அவனுடைய அப்பா அம்மாவைக் கொல்வது. சோகத்துக்காக என்று நினைப்போம். பாதி அதுதான். மீதி, வீட்டில் யாராவது உயிரோடு இருந்தால் வில்லன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்கிற முன்ஜாக்கிரதை! வீடு இல்லை, சொந்தம் இல்லை, சிநேகிதன் இல்லை, அப்புறம் நான் எதைப் பிடித்துக் கதையை இழுப்பது?

1981-ல் வெளிவந்த 'சாம்பியன்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டு இதற்கு ஒரு வழி வைத்தது. புள்ளிகளைக் கொடுத்து சக்திகளை வாங்க வேண்டும், குறைகளை ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளி. 1989-ல் வந்த நான்காம் பதிப்பில் ஒரு சாதாரண ஹீரோவுக்கு கையில் 100 புள்ளி, குறைகள் மூலம் இன்னும் 150 வரை. அந்தக் குறைகளில் ஒன்று, ஹீரோவை நம்பி இருக்கும் ஒரு மனிதர். அத்தையோ தம்பியோ யாராவது. 3 பகடை உருட்ட வேண்டும், மூன்றின் கூட்டுத்தொகை நாம் எழுதி வைத்த எண்ணுக்குள் விழுந்தால் அன்றைய கதையில் அவரும் மாட்டிக்கொள்வார். அந்த எண் 8 என்றால் நாலு தடவைக்கு ஒரு தடவை, 14 என்றால் பத்துக்கு ஒன்பது தடவை. அருமையான யோசனைதான், ஆனால் ஆட்கள் விடுவார்களா, பழைய பேப்பரை எடைக்குப் போடுவது போல இருக்கிற குறைகளையெல்லாம் அள்ளிப் போட்டுப் புள்ளி வாங்கிக்கொண்டு அதோடு மறந்துவிடுவார்கள்.

'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' விளையாட்டின் 2011 பதிப்பு இந்த வியாபாரத்தை ஒழித்தது. சிக்கலை எழுதி வைத்ததற்குக் கூலி கிடையாது. ஆட்டத்தின் நடுவே அது உண்மையிலேயே காலை வாரும்போதுதான் ஒரு ஹீரோ புள்ளி, அதாவது பிறகு இக்கட்டில் செலவழித்துப் பகடையை மறுபடி உருட்ட உதவும் புள்ளி, கிடைக்கும். இதனால் ஆட்டக்காரரே தன் தொல்லையைத் தேடிப் போகிறார், என் வேலையும் பாதியாகிவிடுகிறது.

எங்கள் குழுவில் ஒரு பையன் தன் ஹீரோவுக்கு வெள்ளி பட்டால் சக்தி போய்விடும் என்று எழுதினான். ஆறு மாதத்தில் வெள்ளி வந்தது இரண்டே தடவை, இரண்டும் நான் வலிந்து கொண்டுவந்தது. பக்கத்தில் ஒரு பெண், அவளுடைய ஹீரோயின் பறப்பாள். குறை என்று கேட்டதற்கு, அம்மாவுக்கு நைட் ஷிப்ட், தம்பியை ஏழு மணிக்கு டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மூன்றாவது வாரம், ஆறு ஐம்பதுக்கு, வைகைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு பஸ் பாதி தொங்குகிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு கையால் பஸ்ஸைத் தாங்கிக்கொண்டே தம்பிக்கு போன் போடுவதாகச் சொன்னாள். "அங்கேயே நில்லுடா, வந்து பானிபூரி வாங்கித் தர்றேன்." நான் தம்பியாகக் கேட்டேன், "ஏன்க்கா உன் பக்கத்துல இவ்வளவு பேர் கத்துறாங்க?"

அவளுக்கு ஒரு ஹீரோ புள்ளி கொடுத்தேன். இப்போது தம்பிக்கு சந்தேகம் வந்துவிட்டது, நாலு வாரமாகக் கதை அவன் வீட்டைச் சுற்றியே ஓடுகிறது. பஸ்ஸைத் தள்ளிவிட்ட வில்லன் யார் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

இடம் இருந்தால் போடுங்கள்.

ஒரு வாசகர், மதுரை