ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளரின் தங்கம் குறித்து ஒரு திறந்த மடல்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரத் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

எஸ்டேட் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்கொடை விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பிக் கொடுத்தவன் என்பதால், அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். கடன் அடைபட்டு, வீட்டில் ஒரு கல்யாணமும் முடிந்தபின், மிஞ்சுவது பெரும்பாலும் நகைக்கடைக்கே போய்ச் சேருகிறது. ஆண்டுக்கு 15 நாள் கூலி என்ற கணக்கில், 30 ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்குச் சேரும் பணிக்கொடை 450 நாள் கூலிதான். லயன் வீட்டை, அதாவது எஸ்டேட் தந்த வரிசை வீட்டை, காலி செய்தவர் வாடகையும் மருந்துச் செலவும் பார்க்க வேண்டியது அதையும் வருங்கால வைப்பு நிதியையும் வைத்துத்தான்.

தங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவோடு இரவாகக் கோவை மருத்துவமனைக்கு இறங்க நேர்ந்த குடும்பத்துக்கு, மறுநாள் காலையே அடகு வைத்துப் பணமாக்க ஒரு ஜோடி வளையல் உதவுவதுபோல் வேறெதுவும் உதவாது. ஆனால் அந்த வளையல் மாதாமாதம் அரிசி வாங்கித் தராது. விலையும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதற்கில்லை. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டுச் சரிந்த தங்கம், அந்த விலைக்குத் திரும்ப 2008 வரை ஆயிற்று. ரூபாயின் மதிப்பும் கூடவே இறங்கியதால் அந்தச் சரிவு நம்மூரில் அவ்வளவாக உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவியின் கல் பதித்த அட்டிகையை விற்கப் போனபோதுதான் எனக்கே பாடம் கிடைத்தது. வாங்கும்போது தங்கத்தின் விலையிலேயே நிறுக்கப்பட்ட கல்லின் எடையை விற்கும்போது கழித்தார்கள். கொடுத்த செய்கூலியும் சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் திரும்பவில்லை. கடையின் பெயர் இங்கே தேவையில்லை, வழக்கம் எங்கும் ஏறத்தாழ இதுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது: ஓய்வு பெறப்போகிறவரையும் அவர் வீட்டாரையும், பணம் கைக்கு வருவதற்கு முன்பே, ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். 58 வயதில் பணி ஓய்வு பெற்றவர், ஓய்வுக்காலத் தொகை கிடைத்த மூன்று மாதங்களுக்குள் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். தவறவிட்டால் 60 வயது வரை காத்திருக்க வேண்டும். 8.2 சதவீத வட்டியில் ஐந்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் வரும். இந்த ஏற்பாடு முடிந்தபின், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்கை, தங்கத்தில் வைக்கட்டும். இந்த அளவு என் அனுபவக் கணிப்பே, விதி அல்ல.

அதையும் கல் இல்லாத வளையலாகவோ சிறு நாணயங்களாகவோ வாங்கச் சொல்லுங்கள். இரண்டு கிராம் தேவைப்படும்போது எட்டு கிராமை விற்க வேண்டியிராது. நகையில் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. குறியீடு, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஹால்மார்க் அடையாளம், இருக்கிறதா என்று பார்க்கட்டும். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. நாணயம் விற்கும் வங்கி அதைத் திரும்ப வாங்காது. தங்கக் கட்டியின் மீது கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. நாணயத்தின் மீதும் 50 கிராம் வரைதான்.

எங்கே வைப்பது என்பதையும் பேசியாக வேண்டும். தகரக் கூரை வீட்டின் டிரங்குப் பெட்டியைவிட வங்கிப் பெட்டகம் மேல். திருட்டோ தீயோ வங்கியின் அலட்சியத்தால் நேர்ந்தால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை இழப்பீடு உண்டு. இயற்கைப் பேரிடருக்கு வங்கி பொறுப்பில்லை. 2009 நவம்பர் மண்சரிவைக் கண்ட நம் நீலகிரி மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. வாரிசு நியமனத்தையும் அன்றே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து ஓய்வு பெறுவோரின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். படிவம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் எழுத்தர்,
கோத்தகிரி